அக்காவின் ஆம்புலன்ஸ் சிடி

என் மேசை இழுப்பறையில் ஒரு சிடி கிடக்கிறது. அதனால் இனி யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. முதுகுப் பக்கத்தில், கீழ் விளிம்பை ஒட்டி, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளிப் பூச்சு உரிந்து போயிருக்கிறது. தூக்கிப் பிடித்தால் அந்த ஓட்டை வழியாக எதிர் பிளாக்கில் காயப்போட்ட துணி தெரியும். உரிந்த ஓரத்தில் குங்குமச் சிவப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் என் மகள் இதைக் குப்பையில் போடுவாள், நான் போய் எடுத்து வருவேன். "அம்மா, இப்ப சிடி போடற லேப்டாப்பே இல்ல. எதுக்கு லா இந்தக் குப்பை?" என்பாள். எதற்கென்றால், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் எனக்கு வேண்டும். அது ஆறிப்போனால் நானும் இதை இப்படி உரித்த என் பழைய முதலாளியும் ஒன்றாகிவிடுவோம்.

சிடி அக்காவுடையது. கூடப் பிறந்த அக்கா இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருந்த ஒரு கணினிக் கடையில் நான் முகப்பில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே பழுது பார்த்தார். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, கொண்டையில் செருகிய திருப்புளி. அந்தத் திருப்புளியைத் தேடி மேசையெல்லாம் புரட்டுவார், கடைசியில் நான் போய்த் தலையிலிருந்து உருவிக் கொடுப்பேன். கடைக்கு வந்த இயந்திரங்களில் முக்கால்வாசியை எழுப்பி உட்காரவைத்தது அவர் கைதான். ஆனால் கடையின் பெயர் அட்டையில் முதலாளியின் பெயர் மட்டும் இருந்தது, சம்பளச் சீட்டில் அக்காவின் வேலை கிராணி, அதாவது குமாஸ்தா, என்று இருந்தது. "டெக்னீஷியன் இல்லையா?" என்று வாசலில் வந்து கேட்பார்கள். "நான்தான், சொல்லுங்க" என்று அக்கா எழுந்து வந்தால், "இல்ல கா, டெக்னீஷியன் அண்ணன்" என்று அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். அப்போது எங்கள் பாஸ் தே தாரிக் டீ குடித்த மீசையைத் துடைத்தபடி வந்து, இயந்திரத்தின் தலையில் இரண்டு தட்டு தட்டி, "ஒண்ணும் இல்ல லா, சாயங்காலம் வாங்க" என்பார். வந்தவர் முகத்தில் நிம்மதி பரவும். பாஸ் அந்தப் பெட்டியைக் காலால் நகர்த்தி அக்காவின் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு மறுபடியும் தே தாரிக் குடிக்கப் போவார்.

பாஸ் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். மழை பெய்தால் எங்களை எல்.ஆர்.டி. ரயில் நிலையம்வரை தன் காரில் கொண்டுபோய் விடுவார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது: ஃபார்மேட். கணினி மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மேட். பிரிண்டர் இழுக்கவில்லையா, ஃபார்மேட். உள்ளே இருப்பதையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடியும் போட்டுக் கொடுத்தால் எதுவும் புதிது மாதிரி ஓடத்தான் செய்யும். நோயாளியை எரித்துவிட்டு வீட்டைக் கழுவிக் கொடுப்பதற்குப் பெயர் வைத்தியமா? உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. மக்களும் சொல்லத் தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க, செராஸிலிருந்து சுபாங் ஜெயாவரை, எத்தனை கடைகளில் எத்தனை குடும்பங்களின் கல்யாணப் படங்கள் இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

கிள்ளான் ஆன்டி வந்தது அப்படி ஒரு நாளில்தான். வீட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். கணினிப் பெட்டியைப் பழைய பாத்திக் துணியில் குழந்தையைப் போலச் சுற்றி, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "திடீர்னு தொறக்க மாட்டேங்குது மா. புள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. நான் டைப் பண்ண பயிற்சியெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போகும்போது அந்தப் பெட்டியை ஒருமுறை தடவிக்கொடுத்தார். அன்று அக்கா விடுப்பு. பாஸே அதைத் திறந்தார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக் கணினியில் மாட்டிப் பார்த்தார். எங்கள் கடைக் கணினியில் தமிழ் எழுத்து கிடையாது. ஆன்டி தன் கோப்புகளுக்கெல்லாம் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். திரையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகள் வந்து நின்றன. பாஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பார்த்தியா, வைரஸு. பேரையெல்லாம் தின்னுட்டு வெறும் பெட்டி பெட்டியா ஆக்கிடுச்சி."

பிரிக்பீல்ட்ஸ் நடுவில், வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும் ஒரு தமிழர் கடையில், ஒரு தமிழாசிரியை தமிழில் வைத்த பெயர்களைப் பார்த்து ஒரு தமிழர் வைரஸ் என்றார். சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் ஃபார்மேட் போட்டார்.

மறுநாள் அக்கா வந்ததும் நான் அந்தப் பெட்டி வைரஸைப் பற்றிச் சொன்னேன். அக்கா கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டார். "பெட்டியா? எப்படிப்பட்ட பெட்டி?" என்று கேட்டார். நான் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "அடப்பாவி" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க்கோடு மல்லுக்கட்டினார். அழித்ததைக்கூட ஓரளவு தோண்டி எடுக்கலாம். ஆனால் அதன்மேல் புதிதாக எதையும் எழுதியிருக்கக் கூடாது. பாஸோ அதன்மேல் விண்டோஸையும், இலவசமாக நாலு விளையாட்டுகளையும் ஏற்றிவைத்திருந்தார். பாதி வாக்கியங்களும் தலையில்லாத கேள்விகளும் மட்டும் வெளியே வந்தன. ஆன்டி வந்தபோது பாஸ், "வைரஸ் எல்லாத்தையும் சாப்பிட்டிருச்சி ஆன்டி, என்னா செய்றது" என்றார். ஆன்டி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் சேர்ந்து போட்டிருப்பேன். "அப்ப நாளைக்கு புள்ளைங்க வந்தா நான் எதக் குடுக்கறது?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். ஆன்டி பாத்திக் துணியை உதறி, மடித்து, பெட்டியை மறுபடியும் சுற்றிக்கொண்டு போனார். அவர் அப்புறம் எங்கள் கடைக்கு வரவே இல்லை.

ஆம்புலன்ஸ் சிடி பிறந்த கதை இதுதான். கணினி தன் சொந்த விண்டோஸில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், அதை ஒரு சிடியிலிருந்து எழுப்பலாம். அப்போது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் படுத்த நோயாளியாகச் சும்மா கிடக்கும். அதைத் தொந்தரவு செய்யாமல் உள்ளே எட்டிப் பார்த்து, வேண்டியதை வெளியே எடுத்து வைத்துவிடலாம். இப்படிப்பட்ட சிடிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. ஆனால் எல்லாம் ஆங்கிலம், எல்லாவற்றிலும் தமிழ்ப் பெயர்கள் பெட்டி பெட்டியாகத்தான் வந்தன. அக்கா அப்படி ஒன்றை இறக்கி, பயணப் பெட்டியைப் பிரிப்பது மாதிரிப் பிரித்துப் போட்டார். விளையாட்டுகளைத் தூக்கி எறிந்தார். நாங்கள் யாரும் பேசாத மொழிகளை எறிந்தார். பாட்டு கேட்கும் வசதியை எறிந்தார். அந்த இடத்தில் தமிழ் எழுத்தை வைத்தார், மலாய் மெனுவை வைத்தார், அழிந்ததைத் தேடும் கருவி, பழுதான டிஸ்க்கைப் பொறுமையாகப் படிக்கும் கருவி என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். சிடியில் இடம் கொஞ்சம்தான். ஒன்றை வைத்தால் ஒன்றை எடுக்க வேண்டும். "சிவப்புச் சட்டை வேணுமா, சாப்பாட்டு டப்பா வேணுமான்னு கேக்குது டி" என்று சிரிப்பார். மூடிக் கட்டி, சிடியில் எழுதி, ஒரு கணினியில் போட்டுப் பார்ப்பார். கறுப்புத் திரையில் நின்றுவிடும். மறுபடியும் பிரிப்பார். இப்படி ஓடாமல்போன சிடிகளைப் பக்கத்துப் பூக்கடைக்காரம்மா வாங்கிப்போய், புறா வராமலிருக்க நூலில் கட்டித் தொங்கவிட்டார். கொஞ்ச நாளில் அந்தக் கடை வாசல் முழுக்க அக்காவின் தோல்விகள் வெயிலில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தன. பாஸ் அதைப் பார்த்து, "உன் சிடியெல்லாம் பூ விக்குது" என்று கிண்டலடித்தார்.

ஓடியபோது கடையே வேடிக்கை பார்த்தது. மெனுவை அக்கா நாம் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். முதல் வரி: 'முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாரு.' இரண்டாவது: 'வெளியே எடுத்து வை.' கடைசி வரி: 'ஃபார்மேட்.' அதைத் தட்டினால் உடனே நடக்காது, 'கஸ்டமர்கிட்ட கேட்டியா?' என்று ஒரு கேள்வி வரும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாஸும் சிரித்தார், அது யாருக்கென்று தெரியாமலே. இன்னொன்றும் இருந்தது, அது கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சிடியிலிருந்து எழுப்பினால் எந்த ஹார்ட் டிஸ்க்கும் படிப்பதற்கு மட்டும்தான் திறக்கும். ஒரு எழுத்தைக்கூட அதன்மேல் எழுத முடியாது. எழுதியே ஆகவேண்டும் என்றால் வேண்டுமென்றே போய், கையால் ஒரு கட்டளை தட்டி, பூட்டைத் திறக்க வேண்டும். "இது கிள்ளான் ஆன்டியோட பூட்டு" என்று அக்கா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் கடையில் எதுவும் தொலையவில்லை. எழாமல் வந்த கணினியில் அக்கா ஆம்புலன்ஸைப் போடுவார். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில் பெயர்கள் பெயர்களாகவே வந்து நிற்கும். சிடியின் முதுகில் நீல மார்க்கரால் 'ஆம்புலன்ஸ்' என்று எழுதி, கீழ் விளிம்பில் தன் பெயரையும் எழுதி வைத்திருந்தார். அவர் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே பொருள் அந்தக் கடையில் அதுதான்.

அப்புறம் ஆயுத பூசை வந்தது. பூசைமேல் எனக்குக் கோபம் இல்லை. என் வீட்டிலும் செய்கிறோம். எனக்குக் கோபம் ஒரு நகத்தின்மேல். பூசைக்கு முதல் நாள் எல்லாரும் கடையைக் கழுவினோம், ஒட்டடை அடித்தோம், பழைய ஒயர்களைச் சுருட்டினோம். பாஸுக்கும் சுத்தம் செய்யும் வெறி வந்துவிட்டது. அக்கா வேலை செய்யும் கணினியையும், நல்ல நாள் அதுவுமாகப் புதிதாக இருக்கட்டும் என்று, ஃபார்மேட் போட்டுவிட்டார். ஆம்புலன்ஸைப் பிரித்து அடுக்கிய பட்டறையே அதற்குள்தான் இருந்தது. அவர் எழுதிய மெனு, சேர்த்த எழுத்து, ஒவ்வொரு திருத்தமும். அக்கா வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பாஸ், கேட்டிருக்கலாம்ல?" என்றார். "எல்லாம்தான் சிடில இருக்கே மா, அப்புறம் என்னா?" என்றார் பாஸ். அது உண்மை. கடைசியாகத் திருத்தியது முழுசும் அந்த ஒரு சிடியில் இருந்தது. "சரி, அதையாவது பத்திரமா வைங்க. இன்னொண்ணு எடுக்கணும்" என்று அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. பாஸ் காதில் 'பத்திரமா' என்பது மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

பத்திரமாக என்றால் அவருக்குச் சாமி மேசைதான். மறுநாள் திருப்புளிகள், இடுக்கி, ஒரு கீபோர்டு, கடைச் சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் நடுவில், வெற்றிலைமேல் ஆம்புலன்ஸ் சிடியை வைத்தார். மனுஷன் கவனமாகத்தான் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். பளபளக்கும் பக்கம்தான் நுணுக்கமான பக்கம், அதில் கை படக்கூடாது என்று எல்லாரையும் போல அவரும் நம்பினார். அதனால் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து, எழுதியிருந்த பக்கத்தின் விளிம்பில் சந்தனத்தை நன்றாகக் குழைத்து அப்பி, அந்தச் சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைத்தார். தீபாராதனை காட்டினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார். பொரிகடலை கொடுத்தார். அக்காவும் கும்பிட்டு, திருநீறு வாங்கி, எல்லாரோடும் நின்றார். மறுநாள் காலை நாங்கள் வருவதற்குள் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. பாஸ் அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சிடியின் முதுகில்தான் பூச்சு மிக மெல்லியது, தகவல் எல்லாம் அந்தப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது என்று எந்தப் புண்ணியவானும் அவருக்குச் சொல்லவில்லை. உள்ளே பழுது பார்க்கிறவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சந்தன ஓட்டோடு வெள்ளியும் பெயர்ந்து வந்தது. அக்காவின் பெயரும் அதோடு வந்தது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது மனுஷன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னா லா இது, இவ்வளவு மட்டமான சிடியா வாங்கினே?" என்று என்னைத்தான் கேட்டார். சிடி வாங்குவது என் வேலை. அவர் முகத்தில் அந்தச் சிடியை வீசாமல் இருந்தேனே, அதற்கு இன்றுவரை எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

அக்கா கத்தவில்லை. என் இழுப்பறையில் கிடந்த, பழைய, பாதி முடிந்த ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போய் மறுபடியும் ஆரம்பித்தார். இரண்டாவது தடவை அவர் கை வேகமாக ஓடியது. முடியப்போகும் நேரத்தில் அக்கா பாஸ் முன்னால் போய் நின்று கேட்டார். அவர் அந்தக் கடையில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். "பாஸ், ஸ்கிரீன்ல, கீழ, சின்னதா என் பேரைப் போட்டுக்கறேன். மார்க்கர்ல எழுதினா உரிஞ்சிடுது. உள்ள போட்டா உரியாது." பாஸ் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "போடலாம் மா, போடலாம். முதல்ல நம்ம கடை விளம்பரம் வரட்டும்" என்று, தீபாவளி வாழ்த்துப் பதாகைக்கு எடுத்த தன் புகைப்படத்தைக் கொடுத்தார். ஜிப்பா, கூப்பிய கை, முறுக்கிய மீசை. அக்காவே அதைத் தொடக்கத் திரையில் பொருத்தினார். கீழே கடையின் பெயர். அதற்குக் கீழே போன் நம்பர். "இப்ப என் பேரு?" என்று கேட்டார். பாஸ் திரையைச் சாய்ந்து சாய்ந்து பார்த்துவிட்டு, "எடம் இல்ல பாரு. அதோட உன் பேரைப் போட்டா கஸ்டமர் உன்னைத்தான் கேப்பாங்க. குழப்பமாயிடும்" என்றார்.

என்ன குழப்பம்? செய்தவளைக் கேட்டால் என்ன குழப்பம்? இதை நான் அன்று வாய்விட்டே கேட்டேன். "நீ பில்லைப் போடு மா" என்றார்.

அக்கா மாதக் கடைசிவரை வந்தார். ஒப்புக்கொண்ட இயந்திரங்களையெல்லாம் முடித்தார். கடைசி நாள் கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி மேசைமேல் வைத்தார், அது கடைச் சாமான். உரிந்துபோன சிடியைக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் படி இறங்கியதும் நான் அதை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து நானும் வேலையை விட்டுப் போனேன். போகிறதற்குள் பாஸ் மீசைச் சிடியைக் கட்டுக் கட்டாக எழுதி, தெரிந்த கடைகளுக்கெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். "நானே செஞ்சது லா, தமிழ்லயே வரும்" என்று அவர் போனில் சொல்வதை நான் இந்தக் காதால் கேட்டேன்.

வருஷங்கள் ஓடின. அக்கா செமினிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்குப் போனார், அங்கே அவர் கதவில் அவர் பெயர்ப் பலகை இருக்கிறது. தீபாவளிக்கு அவர் எனக்கும் கிறிஸ்துமஸுக்கு நான் அவருக்கும் தவறாமல் போன் செய்வோம். ஆம்புலன்ஸைப் பற்றி மட்டும் அவர் பேச்செடுத்ததில்லை. நான் எடுத்தால், "விடு டி, பழைய கதை" என்பார். எனக்கு விட வரவில்லை.

போன மாதம் என் பழைய மடிக்கணினி எழுந்திருக்க மறுத்தது. கிள்ளானில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடையில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், தாடி, நிதானமான ஆள். "பழைய மெஷின் ஆன்டி, இதுக்கு என்கிட்ட ஒரு பழைய சாமான் இருக்கு" என்று ஒரு பென்டிரைவைச் செருகி எழுப்பினார். திரை ஒருமுறை கறுத்தது. அப்புறம் கூப்பிய கையோடு, முறுக்கிய மீசையோடு, பாஸ் வந்து நின்றார்.

நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கீழே விழுந்தது. "இது யார் செஞ்சது?" என்று கேட்டேன். "இவருதான் ஆன்டி, பிரிக்பீல்ட்ஸ்ல கடை வெச்சிருந்த ஒரு தவுக்கே, முதலாளி. எனக்கு வேலை சொல்லிக்குடுத்தவர் குடுத்தாரு. சிடியா இருந்திச்சி, நான் பென்டிரைவுக்கு மாத்திக்கிட்டேன்." தமிழ் எழுத்து அப்படியே இருந்தது. 'முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாரு' அப்படியே இருந்தது. நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கிள்ளான் ஆன்டியிலிருந்து சந்தனம்வரை, மூச்சுவிடாமல். பழுதுக்கு வந்த இன்னொருவர் தன் போனை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடிக்காரர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப அவங்க பேரைச் சொல்லுங்க ஆன்டி, போட்டுடலாம். ஒரு படம்தானே, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் இடமில்லாமல் போனது அஞ்சு நிமிஷ வேலை!

அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, அதுல ஹார்ட் டிஸ்க் எப்படி தொறக்குது? படிக்க மட்டுமா, எழுதவும் விடுதா?"

"எழுதவும் விடும் கா. நேரா தொறந்திடும், வேகமா இருக்கும்."

"பூட்டு இருந்திச்சே."

"அது எனக்கு வரும்போதே இல்லை கா."

"யாரு எடுத்தது?" அக்காவின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கணினி ஃபார்மேட் ஆனபோதும், சிடி உரிந்தபோதும், மீசை திரையில் ஏறியபோதும் வராத கோபம் அந்தச் சின்னக் கடைக்குள் வந்து நின்றது. "மூஞ்சியப் போட்டுக்கட்டும், பேரைப் போட்டுக்கட்டும், நான்தான் செஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கட்டும். பூட்டை எதுக்கு எடுக்கணும்? அந்த ஆன்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னது நானு. வேகமா இருக்காம், வேகம்! தம்பி, என் பேரை அதுல போடாதீங்க. பூட்டு இல்லாத சாமான்ல என் பேரு வேணாம்."

தாடிக்காரருக்கு முகம் சிறுத்துப்போனது. அவர் எதையும் எடுக்கவில்லையே. பெயருக்காக நான் இத்தனை காலம் வயிறெரிந்திருக்கிறேன், அதற்குரியவர் அதைத் தூக்கி எறிகிறார்! அப்போது தாடிக்காரர் மெதுவாக, "பூட்டை எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க கா. போட்டுடறேன்" என்றார்.

அக்கா சொன்னார். மெனுக் கோப்பைத் திறக்கச் சொன்னார். எழுப்புகிற வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய அந்த வரியை, பார்க்காமலே, செமினியிலிருந்து, கமா புள்ளியோடு சொன்னார். சேமித்து, மறுபடியும் எழுப்பி, என் மடிக்கணினியின் டிஸ்க்கில் ஏதாவது எழுதிப் பார்க்கச் சொன்னார். தாடிக்காரர் எழுதிப் பார்த்தார். திரை முடியாது என்றது. "மறுபடியும் பாருங்க" என்றார் அக்கா. மறுபடியும் முடியாது என்றது.

"சரி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இப்ப போடுங்க." ஐசி அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி, அப்பா பெயரோடு, முழுப் பெயரையும் சொன்னார். தாடிக்காரர் தமிழில் தட்டினார். "இந்த மூஞ்சி இருக்கட்டுமா கா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்வதற்குள் நான், "எடுத்துடுங்க" என்றேன். போனில் அக்கா சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, இதையெல்லாம் எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "வேணாம் டி. நான் கேட்ட எடத்துல வந்திடுச்சி" என்றார். அதனால் இங்கே அது இல்லை. சிடியை மறுபடியும் இழுப்பறையிலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உரிந்தது உரிந்ததுதான், எதிர் பிளாக்கில் துணி காய்கிறது. பூட்டில்லாத மீசைகள் இந்த ஊரில் இன்னும் எத்தனை கடைகளில் கைகூப்பிக்கொண்டு நிற்கின்றனவோ, எனக்குத் தெரியாது. அக்காவின் பெயர் ஒரே ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டும் என்றால் நீங்கள் கிள்ளானுக்குப் போக வேண்டும், உங்கள் கணினியும் அங்கே படுத்துக்கொள்ள வேண்டும்.